சென்னையிலிருந்து மணப்பாடு வரை: கடலோரப் பழைய தேவாலயங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நொய்யல்கரை:

வணக்கம். பொங்கல் முடிந்ததும் மாமனாரை அழைத்துக்கொண்டு காரில் கடற்கரையோரமாக ஒரு சுற்றுப் போகலாம் என்றிருக்கிறேன். கோவையிலிருந்து சென்னை, அங்கிருந்து கடலை ஒட்டியே தெற்கே. ஐரோப்பியர் காலத்துத் தேவாலயங்களைப் பார்ப்பதுதான் நோக்கம். மாமா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கோயிலுக்குள் போனாலும் சாமியைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து கூரையைப் பார்க்கிற ஆள்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் பட்டியல்: சாந்தோம், கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம், பாண்டிச்சேரி, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, தூத்துக்குடி, மணப்பாடு. எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க விருப்பமில்லை. எதை விடலாம்? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பூசை நடக்கும்போது உள்ளே போனால் யாராவது தப்பாக நினைப்பார்களா?

ஜார்ஜ்டவுன்வாசி:

உங்கள் மாமாவுக்காகவே சொல்கிறேன், கோட்டையில் தொடங்குங்கள். சாந்தோமுக்கு ஆயிரம் பேர் போவார்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் காவலரின் சோதனையைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். அடையாள அட்டை இருந்தால் போதும். தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்குப் போகிற வழிதான்.

புனித மேரி ஆலயத்துக்கு 1678-இல் அடிக்கல் போட்டு 1680 அக்டோபர் 28-இல் திறந்தார்கள். இந்தியாவில் இன்றைக்கும் நிற்கும் ஆங்கிலிகன் ஆலயங்களில் இதுவே மூத்தது. அப்போது கவர்னராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கம்பெனிப் பணத்தைத் தொடாமல், கோட்டையில் இருந்தவர்களிடம் சந்தா வசூலித்துக் கட்டினார். கூரையில் மரமே கிடையாது. பக்கம் பக்கமாக மூன்று அரைவட்டச் செங்கல் வளைவுகள், கனம் சுமார் 2 அடி. அதைத் தாங்கும் வெளிச்சுவர் 4 அடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. 1758-59-இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது அந்தக் கணக்கு உண்மையிலேயே உதவியது.

வெளியே முற்றத்தில் நடக்கும்போது தரையைப் பாருங்கள். கால் வைக்கிற இடமெல்லாம் கல்லறைக் கற்கள்தான். இந்தக் கற்கள் முதலில் இங்கே இல்லை. கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில் அன்றைய இடுகாடு இருந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலியின் படைவீரர்கள் அங்கிருந்த உயரமான கல்லறைகளின் மறைவில் நின்று கோட்டையைச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அந்த மறைவே இருக்கக் கூடாது என்று இடுகாட்டைத் தரைமட்டமாக்கி, எழுத்துள்ள கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். ஆங்கிலம் மட்டுமில்லை, போர்த்துக்கீசியம், லத்தீன், ஆர்மீனியன் எல்லாம் கிடக்கின்றன. ஆக, அந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை.

ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேதான். பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் 1680-இல் மணம் முடித்ததும் இங்கேதான். இந்த இரண்டு பெயர்களையும் எல்லா வழிகாட்டிகளும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தத் தரைதான் பெரிது.

அப்புறம், நீங்கள் 'பழைய' என்று தேடினால் சாந்தோம் ஏமாற்றும். போர்த்துக்கீசியர்கள் 1523 வாக்கில் எழுப்பிய கோயில் போய்விட்டது. இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1896-இல் முடிந்தது. தோமையார் கல்லறை கீழே இருப்பதால் பக்தர்களுக்கு அது வேறு விஷயம். கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் அதைவிட லஸ் கோயிலுக்குப் போகலாம். மயிலாப்பூர்க்காரர்கள் காட்டுக்கோயில் என்பார்கள். அங்கே உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. அந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. ஆனாலும் சென்னையில் போர்த்துக்கீசியச் சாயல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நொய்யல்கரை:

கூரை பற்றி எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூணு வளைவு பக்கத்துல பக்கத்துல நின்னா நடுத்தூண் ரெண்டு பக்கத் தள்ளலையும் வாங்கிக்கும், ஓரச் சுவருக்குத்தான் தலைவலி, அதான் நாலடி" என்றார். பட்டியலில் கோட்டை உறுதி.

வெள்ளைநகர்:

பாண்டிச்சேரிக்கு ஒரு பகல் போதும் தம்பி. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா படத்தில் ரொம்ப நன்றாக விழும். 1907-இல் முடிந்த கோதிக் பாணி, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அதற்கு நேரம் குறைவாக ஒதுக்கினாலும் பாதகமில்லை.

மிஷன் வீதியில் சம்பா கோயிலைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு நூற்றாண்டுச் சண்டை புதைந்திருக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்ததும் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். முன்பிருந்த சேசுசபைக் கோயிலும் போயிற்று. இப்போது நிற்பது 1791-இல் எழுந்தது.

கடற்கரைக்குப் பக்கம் கப்ஸ் கோயில் 1855-ஐச் சேர்ந்தது. எதிரே தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சில் பூசை நடக்கும். ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் பிரெஞ்சு ராணுவக்காரர்களின் குடும்பங்களும் வருவார்கள். தமிழ் முகங்கள், பிரெஞ்சுப் பாட்டு. நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வைகைக்கரை:

இழையைப் படித்தால் எல்லாரும் வளைவையும் சுண்ணாம்பையும் ரசிக்கிறீர்கள். சம்பா கோயிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை 1748-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்தில் இடித்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் நாள் வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அதைச் சொல்லாமல் 'பாரம்பரியச் சுற்றுலா' என்பது எனக்கு ஒவ்வாது.

வெள்ளைநகர்:

சொல்லத்தான் வேண்டும். நான் எழுதிய 'நூற்றாண்டுச் சண்டை' அதுவேதான், ஐயா. சுருக்கிவிட்டேன். பிள்ளையின் எழுத்தில் அந்தப் பகுதியைப் படித்தால் வயிறு கலங்கும். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் நடந்தது அது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, இடிக்கச் சொன்ன பாதிரிமார்களின் கோயிலை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். வேதபுரீஸ்வரருக்குப் பின்னால் வேறு இடத்தில் கோயில் எழும்பியது. இன்றும் பூசை நடக்கிறது. அந்தச் சுற்றில் அதையும் சேர்த்துப் பார்க்கலாம், நடக்கிற தூரம்தான்.

அதே நாட்குறிப்பில் இன்னொன்றும் உண்டு. 1745-இல் பாண்டிச்சேரிக் கோயிலுக்குள்ளேயே பறையர்களைத் தனியே உட்கார வைக்க எழுப்பியிருந்த தடுப்புச் சுவரை நீக்கிய தகராறு. கோயிலை இடித்தவர்கள் மேல் வரும் கோபத்தில் பாதி அந்தச் சுவரைக் கட்டச் சொன்ன நம் ஆட்கள் மேலும் வர வேண்டும்.

வைகைக்கரை:

வரட்டும். அதைத்தான் நானும் கேட்கிறேன், முழுசாகப் பேசுவோம் என்று. சுவர் என்றதும் வடக்கன்குளம் நினைவுக்கு வருகிறது. கடலோரம் இல்லை, ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் பக்கம் இறங்கினால் போகலாம். சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கிளைகளாகவே வடிவமைத்த கோயில், நடுவில் சுவர். 1910 வாக்கில் பங்குத்தந்தையே அதை இடித்தார், வழக்கு மன்றம் வரை போனது. கட்டட வரைபடத்திலேயே சாதி இருந்த கோயில் எப்படி இருக்கும் என்று மாமா பார்க்கட்டும்.

பொறையாறுக்காரன்:

எங்கள் பக்கத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பாண்டிச்சேரியில் காலையில் கிளம்பி, நுழைவாயிலில் இறங்கி, கோட்டையில் ஒரு ரவுண்டு, கடலில் ஒரு செல்ஃபி, மதியம் காரைக்கால் என்று ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

ராஜ வீதியில் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு பழைய தேவாலயங்கள். ஒன்று சீயோன் ஆலயம், 1701. இன்னொன்று புதிய எருசலேம் ஆலயம், 1718. ஒரே ஊரில், ஒரே டேனிஷ் ராஜாவின் ஆட்சியில், இவ்வளவு பக்கத்தில் எதற்கு இரண்டு?

சீயோன் கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்களுக்குக் கட்டியது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இறங்கிய கம்பெனி, எண்பது வருடம் கழித்துத் தனக்கென்று ஒழுங்கான கோயில் எழுப்பிக்கொண்டது. 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் பிளூட்சோவும் வந்து இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ராஜாவே அனுப்பியவர்கள் என்பதால் ஊரில் மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. கம்பெனித் தளபதி ஹாசியுஸ் 1708-இல் சீகன்பால்கைப் பிடித்து டான்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். உள்ளூர் ஏழைகளுக்காக வழக்குப் பேசுகிற பாதிரி தொல்லை.

அவர்கள் 1707-இல் தமிழ்ச் சபைக்குக் கட்டிய சின்னக் கோயில் இப்போது இல்லை. அதன் வாரிசுதான் 1718 அக்டோபரில் திறந்த புதிய எருசலேம். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். முகப்பில் கிரீடத்தோடு பிரெடரிக்கின் முத்திரை எழுத்து, கீழே ஆண்டு. கழுத்தை நிமிர்த்தி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கோட்டை இருக்கும் திசையைப் பாருங்கள். அங்கே சிறை வைத்தார்கள், இங்கே அதே ராஜாவின் பெயரைக் கோயில் நெற்றியில் பதித்திருக்கிறார்கள்.

திறந்த சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்துபோனார். வயது 36. பீடத்துக்கு முன்னாலேயே அடக்கம். ஊழியர் யாராவது இருந்தால் கேளுங்கள், காட்டுவார்கள். 1714-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடிக்கத் தொடங்கிய ஆள். அச்சுக்குக் காகிதம் போதவில்லை என்று எங்கள் பொறையாற்றிலேயே காகித ஆலை வைத்துப் பார்த்தார்கள். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றதும் இந்த ஊரில்தான்.

சீயோன் இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது, எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிடம். இரண்டிலும் ஞாயிறு ஆராதனை உண்டு. பண்டிகைச் சமயத்தில் வீட்டுக்கு வீடு கேக் வரும், அது வேறு கதை.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளில் மட்டும் வராதீர்கள்.

முத்துக்குளித்துறை:

பொறையாறு அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். தமிழ் அச்சு என்றதும் தரங்கம்பாடி என்று நின்றுவிடக் கூடாது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் மூத்தது. அதைச் செய்த அந்திரிக் அடிகளார் வாழ்ந்தது புன்னைக்காயலில், எங்கள் கடற்கரை.

தூத்துக்குடி பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன், இப்போது வேலை.

பொறையாறுக்காரன்:

முழுசாக ஒத்துக்கொள்கிறேன், அண்ணாச்சி. அதனால்தான் 'புதிய ஏற்பாடு' என்று எழுதினேன் 😀

சுண்ணாம்புக்காரர்:

இந்த வேலையில் இருக்கிறவன் என்பதால் மாமாவுக்குச் சில குறிப்புகள்.

இந்தக் கடலோரக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். பூச்சில் சுண்ணாம்போடு சலித்த மணல், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லம். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சித்திரையிலும் ஜில்லென்று இருக்கும்.

எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதலில் அடிச்சுவரைப் பாருங்கள், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை. கடற்கரை மண்ணில் உப்பு ஈரம் எப்போதும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் பூச்சு வழியே வெளியேறிவிடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும், துடைத்துவிடலாம். யாரோ ஒரு நல்லவர் நன்கொடை கொடுத்து அந்த இடத்தில் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் வெளியேற வழியில்லை. உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பொரித்துத் தள்ளும். விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. சிமென்ட் முழுசாக நிற்கும், அதன் பின்னால் முந்நூறு வருடச் செங்கல் மாவாகிக் கிடக்கும். ஒரு பழைய கோயிலில் இப்படிப் பெயர்த்தபோது, கை நுழைகிற ஆழத்துக்குத் தூள்தான் கொட்டியது.

தளம் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பெண்கள் நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அதற்கு மேல் தட்டோடு. அண்ணாந்து பார்த்தால் உத்தரங்களுக்கிடையே அந்தச் சாய்வு வரிசை தெரியும். உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் உளுக்கும். அங்கே கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

நொய்யல்கரை:

ஐயா, மாமா உங்கள் பதிவை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஒரு கேள்வி அவருடையது: சிமென்ட் பூசியதைப் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசலாமா, அதற்குள் செங்கல் போயிருக்காதா?

சுண்ணாம்புக்காரர்:

பூசலாம். போன செங்கல்லை மட்டும் தோண்டி எடுத்து, அதே அளவில் சூளையில் புதிதாகச் சுட்டு வைத்துத் தைப்பார்கள். பழைய செங்கல் இன்றைய அளவு இல்லை, மெலிசு. அதனால் கடைச் செங்கல் பொருந்தாது. பூசுவதற்கு முன் உப்பை இழுக்கக் காகிதக் கூழை அப்பி உலரவிட்டு எடுப்பதும் உண்டு. செலவு, பொறுமை இரண்டும் அதிகம். சபையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் கூலி வேலைக்காரர்களும். திருவிழாவுக்கு முன் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவதைக் குறை சொல்லவே மாட்டேன். அவர்களுக்குச் சரியான கொத்தனாரைக் கூட்டி வருவதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை.

வைகைக்கரை:

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அது அவர்கள் கும்பிடுகிற கோயில். பச்சை டைல்ஸ் ஒட்டினாலும் அவர்கள் இஷ்டம். வெளியூரிலிருந்து வந்து 'ஐயோ போச்சே' என்று நாம் புலம்புவது என்ன நியாயம்?

சுண்ணாம்புக்காரர்:

பச்சை டைல்ஸ் ஒட்டினால் பத்து வருடத்தில் சுவர் கொட்டும், சார். அப்போது இடித்துவிட்டு கான்கிரீட் கட்டலாம் என்பார்கள். கும்பிடுகிற கோயில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

முத்துக்குளித்துறை:

சரி, இப்போது நேரம் கிடைத்தது.

'ஐரோப்பியர் காலம்' என்று முதல் பதிவில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பனிமய மாதா கோயிலுக்கு அது பாதிதான் பொருந்தும். பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் போனதே முத்துக்குளிப்பில் வந்த சண்டையில் பாதுகாப்புத் தேடி, 1530-களில். சவேரியார் வந்தது 1542-இல்தான். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த சபைக்காரர்கள், மாதா சுரூபம் என்றாலே ஆகாது. எங்கள் ஆட்களைத் தங்கள் பக்கம் இழுக்க எவ்வளவோ பார்த்தார்கள். மசியவில்லை. மாதா சுரூபத்தை இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள் என்று எங்கள் ஆச்சிமார்கள் நேரில் பார்த்ததுபோல் சொல்வார்கள்.

கவனியுங்கள், இப்போது நிற்கும் கோயில் 1713-ஐச் சேர்ந்தது. ஊரை ஆண்டது டச்சுக் கம்பெனி. அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே, அவர்களுக்குப் பிடிக்காத மாதாவுக்கு, கடலைப் பார்த்து ஒரு கோயில் எழுந்தது. முத்துக்குளிக்க ஆள் வேண்டுமே, பரதவர்களை ஓரளவுக்கு மேல் பகைத்துக்கொள்ள முடியாது. டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலயமும் ஊருக்குள் இருக்கிறது, இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஆண்டவர்களின் கோயில் சாதாரணமாக இருக்கும், ஆளப்பட்டவர்களின் கோயில் ஊரையே நிரப்பி நிற்கும்.

ஏழு கடற்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய் என்றுதான் மாதாவைச் சொல்வோம். திருவிழா ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. தங்கத் தேர் 1806-இல் முதலில் ஓடியது. எல்லா வருடமும் ஓடாது, முக்கியமான ஆண்டுகளில்தான். நீங்கள் ஜனவரியில் வருவதால் கூட்டமில்லாமல் நிம்மதியாகப் பார்க்கலாம். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். உள்ளே பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள். வெளியூர்ப் பெண்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

வலிகாமம்:

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கதை வந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. 1658-இல்தான் அவர்கள் எங்கள் ஊரையும் பிடித்தார்கள். யாழ் கோட்டைக்குள் 1706-இல் சிலுவை வடிவத்தில் பெரிய தேவாலயம் ஒன்று கட்டினார்கள். என் அப்பப்பா காலத்தில் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள், தரையில் சின்னங்கள் செதுக்கிய கல்லறைக் கற்கள் இருந்தன என்பார். போரில் கோட்டையோடு அதுவும் போய்விட்டது. இப்போது போனால் சுவர் எச்சமும் பவளக் கற்குவியலும்தான். கோட்டைச் சுவரைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள், தேவாலயத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆகவே நிற்கிறதைப் போய்ப் பாருங்கள். சிமென்ட் பூசியிருந்தாலும் பரவாயில்லை.

நொய்யல்கரை:

பவளக் கல் என்றதும் நினைவுக்கு வந்தது, தனுஷ்கோடித் தேவாலயமும் அப்படித்தானே? வழியில் வருமா?

முத்துக்குளித்துறை:

வழி என்று சொல்ல முடியாது, ராமநாதபுரத்தில் பிரிந்து உள்ளே போய்த் திரும்ப வேண்டும். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன, பவளப் பாறையை அறுத்துக் கட்டியவை. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பூப்பூவாகப் பவளத்தின் வரிகள் தெரியும். மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும், வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒன்று, அங்கே எல்லாரும் பீடம் இருந்த இடத்தில் ஏறி நின்று கல்யாணப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வழிபாடு இல்லையென்றாலும் அந்த ஊரில் இறந்தவர்களின் கோயில் அது.

பொறையாறுக்காரன்:

எங்கள் ஊரிலும் அதே கதைதான். திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காரர்கள் ராஜ வீதியை வாடகைக்கு எடுத்ததுபோல நடந்துகொள்வார்கள். ஒரு தடவை கல்லறை மேலேயே விளக்கைப் பொருத்தினார்கள். ஆராதனைக்கு வந்த பாட்டிகள் போட்ட சத்தத்தில் ஓடிவிட்டார்கள்.

ஜார்ஜ்டவுன்வாசி:

முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பூசை நேரத்தில் போகலாம். நான் சொன்னால் அந்த நேரத்தில்தான் போக வேண்டும், ஏனென்றால் மற்ற நேரத்தில் பல சின்ன ஆலயங்கள் பூட்டியிருக்கும். மதியம் பன்னிரண்டுக்கு மேல் நாலு மணி வரை எங்கும் எதிர்பார்க்க வேண்டாம். பின்வரிசையில் உட்காருங்கள், மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள். கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் மட்டும் போய் நிற்காதீர்கள், அது திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு. முடிந்த பிறகு கோயில்பிள்ளையையோ உபதேசியாரையோ பிடியுங்கள். சாவி அவரிடம்தான். மணிக்கூண்டு, பழைய பதிவேடு, பூட்டிய அறை எல்லாவற்றுக்கும் வழி அவர்தான். உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றி. மாமாவும் நானும் உட்கார்ந்து பேசி முடிவுக்கு வந்துவிட்டோம். சென்னையில் கோட்டையும் லஸ்ஸும். பாண்டிச்சேரியில் சம்பா கோயில், வேதபுரீஸ்வரர், ஞாயிறு காலை கப்ஸ் கோயில். தரங்கம்பாடியில் இரவு தங்கல். அப்புறம் நேரே தூத்துக்குடி, மணப்பாடு. சாந்தோமையும் தனுஷ்கோடியையும் விட்டாச்சு. வடக்கன்குளம் திரும்பி வரும் வழியில். வேளாங்கண்ணிதான் இழுபறி. வயதில் புதுக் கட்டடம் என்று விட நினைத்தேன், மாமியாரும் வருவதாகக் கிளம்பிவிட்டார். அவருக்கு அங்கேதான் வேண்டுதல்.

வெள்ளைநகர்:

அப்புறம் என்ன கேள்வி தம்பி, வேளாங்கண்ணி உறுதி. அங்கே பீடத்தில் பதித்திருக்கும் பீங்கான் தட்டுகளை மட்டும் உங்கள் மாமாவுக்குக் காட்டுங்கள். புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கொடுத்தவை என்பார்கள். கட்டடம் புதுசென்றாலும் தட்டு பழசு.

நொய்யல்கரை:

நல்லதாப் போச்சு. கடைசியாக ஒன்று: மணப்பாட்டுக்கு எந்த நேரம் சரி? எங்கே தங்குவது?

முத்துக்குளித்துறை:

திருச்செந்தூரில் தங்குங்கள், அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள். மாமியாருக்கு முருகனும் ஆச்சு. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், பிறகு மணலில் கால் வைக்க முடியாது. திருச்சிலுவை ஆலயம் மணல் குன்றின் மேல், கடலுக்குள் நீட்டிய முனையில், 1581-ஐச் சேர்ந்தது. பக்கத்தில் கலங்கரை விளக்கம். குன்றின் சரிவில் சவேரியார் தங்கிய குகை, உள்ளே சின்னக் கிணறு. இத்தனை கிட்ட கடல் இருந்தும் தண்ணீர் உப்பு கரிக்காது, எல்லாரும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். முதலில் குகை, அப்புறம் கோயில். மாமாவுக்கு முழங்கால் எப்படி? படி இருக்கிறது, ஆனால் காற்று பலமாக வீசினால் படியெல்லாம் மணல் மூடிவிடும், மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

நொய்யல்கரை:

முழங்கால் பரவாயில்லை, கைத்தடி எடுத்துக்கொள்வார். போய் வந்ததும் படங்களோடு எழுதுகிறேன். அடிச்சுவர்ப் படங்கள்தான் நிறைய இருக்கும் என்று இப்போதே மிரட்டுகிறார்.

சுண்ணாம்புக்காரர்:

அளவுக்கு ஒரு ஸ்கேலையோ பேனாவையோ சுவரோடு சேர்த்து வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் அளவு தெரிந்தால் எந்தக் காலத்துப் பூச்சு, எது பின்னால் செய்த பழுது என்று என்னால் முடிந்தவரை இங்கே சொல்கிறேன்.